காலி இடம் கண்டால் பேர் போடுகிறவர்

இன்று நான் அறிமுகப்படுத்தப் போகிற மனிதரின் முகம் உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். பேர் கட்டாயம் தெரியும். நீங்கள் சாய்ந்து உட்கார்ந்த டவுன் பஸ் சீட்டின் முதுகில் அது இருந்தது. உங்கள் கைக்கு வந்த பத்து ரூபாய் நோட்டின் வெள்ளைப் பகுதியில் இருந்தது. மலைக்கோயிலுக்கு மூச்சு வாங்க ஏறி, பாறையில் கை ஊன்றி நின்றீர்களே, உங்கள் உள்ளங்கைக்கு அடியிலும் அதுதான் இருந்தது. அவர்தான் பேர் போடுகிறவர். காலியான இடம் ஒன்றைக் கண்டால் அதை அப்படியே அனாதையாக விட்டுவிட்டுப் போக மனம் வராதவர். அவ்வளவு இளகிய நெஞ்சம்.

பழைய வகையைப் பற்றி நான் அதிகம் சொல்லப் போவதில்லை. ஆணி, செங்கல் துண்டு, அடுப்புக் கரி என்று அவர்கள் பட்ட பாடு பெரியது. ஒரு பேரைப் பாறையில் செதுக்கி முடிப்பதற்குள் பொழுது சாயும், கை கொப்பளிக்கும், கோயில் காவல்காரர் வந்துவிடுவார். பிறகு கம்ப்யூட்டர் வந்தது. நாட்டு முன்னேற்றத்துக்காக வந்தது என்று எல்லோரும் நினைத்தார்கள். இவர் மட்டும்தான் அது யாருக்காக வந்தது என்று உடனே புரிந்துகொண்டார்.

எங்கள் ஆரணியில் இந்த இனத்தின் முழு வளர்ச்சி பெற்ற மாதிரி ஒன்று உண்டு. பேர் சதீஷ். அதை அவனே உங்களிடம் சொல்லியிருப்பான்.

தொண்ணூற்றொன்பதில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர் மாடியில் கம்ப்யூட்டர் வகுப்பு ஒன்று திறந்தார்கள். சதீஷ் அங்கே ஆறு மாதம் படித்தான். ஆறு மாதத்தில் அவன் சந்தேகமறக் கற்றுக்கொண்டது, கம்ப்யூட்டர் சும்மா இருக்கும்போது திரையில் எழுத்தை உருட்டி ஓடவிடுகிற வித்தை. அந்த வகுப்பில் கம்ப்யூட்டர்கள் பெரும்பாலும் சும்மாதான் இருந்தன. ஆகவே, கதவைத் திறந்தால் எட்டுத் திரைகளிலும் எட்டு நிறங்களில் சதீஷ், சதீஷ் என்று ஓரத்தில் முட்டிக்கொண்டு திரும்பும். சேர வந்தவர்கள் அதைத்தான் அந்த நிலையத்தின் பேர் என்று நினைத்தார்கள்.

அதன் பிறகு பிரவுசிங் சென்டர் வந்தது. மற்ற பையன்கள் எல்லாம் அங்கே கதவைச் சாத்திக்கொண்டு என்ன பார்த்தார்கள் என்பது நமக்கு வேண்டாம். சதீஷ் பார்க்கவில்லை, எழுதினான். எந்த நாட்டு இணையப் பக்கமாக இருந்தாலும் அடியில் வந்துபோனவர்கள் இரண்டு வரி எழுத ஒரு பெட்டி வைத்திருப்பார்கள். அந்தப் பெட்டியைத் தேடி நேரே அடிக்குப் போய்விடுவான். பின்லாந்து நாட்டில் நாய் வளர்ப்போர் சங்கம் ஒன்று. அதன் பக்கத்தில், நோயில் செத்துப்போன ஒரு நாய்க்காக உலகம் முழுவதிலிருந்தும் உருகி உருகி எழுதியிருந்தார்கள். அந்தக் கண்ணீர்களுக்கு நடுவே ஒரு வரி: “ஹாய், நான் சதீஷ், ஆரணி. சூப்பர் சைட்.” இத்தனைக்கும் அவனுக்கு நாய் என்றால் பயம்.

சென்டர் நடத்திய வேலு ஒருநாள் அவனைப் பிடித்துக் கேட்டார்.

“ஏம்பா, நீ போனப்புறம் திரை பூரா உன் மூஞ்சி போட்டோ நிக்குது. கஸ்டமருங்க வந்து குந்தினா பக்குனு இருக்குதாம். இன்னாபா பேஜாரு இது?”

“சும்மா நீலமா இருந்துச்சுண்ணே.”

“நீலமா இருந்தா?”

“காலியா இருந்துச்சுண்ணே.”

கவனியுங்கள். இந்த இனத்தின் வேதம், தத்துவம், வாக்குமூலம் எல்லாம் இந்த இரண்டு வார்த்தைதான். பேருக்கு மேல் அவரிடம் சொல்ல எதுவும் இல்லை. கொள்கை இல்லை, கோபம் இல்லை, கோரிக்கை இல்லை. சுவரில் கட்சிக்காரன் எழுதினால் ஓட்டு கேட்கிறான், மருத்துவன் எழுதினால் மூலம் பௌத்திரம் என்கிறான். இவர் மட்டும் ஒன்றையும் கேட்காமல், ஒன்றையும் விற்காமல், தன் பேரை வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார். இதைவிடப் பற்றற்ற வாழ்க்கை உண்டா?

உள்ளூர் கேபிளில் மாலையில் பாட்டுப் போடுவார்கள். எஸ்.எம்.எஸ். அனுப்பினால் திரைக்கு அடியில் நம் எழுத்து வலமிருந்து இடமாக ஓடும். சதீஷ் அனுப்பினான். தன் பேர் தனியாக ஓடினால் மொட்டையாக இருக்கிறது என்று, “சேவூர் தீபா, கண்ணமங்கலம் எழிலரசி மற்றும் அனைவருக்கும் இப்பாடலைச் சமர்ப்பிப்பவர் சதீஷ்” என்று நீட்டினான். தீபாவையும் தெரியாது, எழிலரசியையும் தெரியாது. எந்த ஊரிலும் ஒரு தீபா இருப்பாள் என்று ஒரு நம்பிக்கை. பிறகு செல்போனில் புளூடூத் வந்ததும், வேலூர் பஸ்ஸில் போகிற அத்தனை பேர் போனிலும் “ஆரணி கிங் சதீஷ்” என்று ஒரு பேர் தட்டுப்பட்டது. அதற்குப் பிறகு ஃப்ளெக்ஸ் பேனர். யார் வீட்டுக் கல்யாணமானாலும் மண்டப வாசலில் மணமக்களுக்கு அடியில் தலை தலையாக அச்சடிப்பார்களே, அதில் கறுப்புக் கண்ணாடியோடு வலது ஓரத்தில் நிற்பவன் அவனேதான். பேனர் அடிக்கிற கடைக்காரன் அவனுக்குச் சிநேகிதன். ஓரம் காலியாக இருக்குமாம்.

இத்தோடு நின்றிருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. நான் எழுதவும் வேண்டியிருந்திருக்காது. ஆனால் சதீஷுக்கு வேலை கிடைத்துவிட்டது.

பட்டு வியாபாரி முருகேசன் முதலாளி, கடைக்குப் பின்னால் கம்ப்யூட்டர் வைத்துப் புடவை டிசைன் போட ஆள் தேடினார். திரையில் கட்டம் கட்டமாகப் பூவும் கிளியும் வரைய வேண்டும். நிரம்பிய கட்டத்துக்கெல்லாம் அட்டையில் ஒரு துளை விழும். அந்த அட்டைகளைக் கோத்துத் தறிக்கு மேலே இருக்கிற ஜக்கார்டு பெட்டியில் மாட்டிவிட்டால், திரையில் வரைந்தது புடவையில் ஜரிகையாக வந்து இறங்கும். சதீஷுக்குக் கை நன்றாகவே வந்தது. அவன் போட்ட கிளி, உட்கார்ந்த கிளைக்குப் பாரம் தெரிகிற கிளி. ஆனால் அந்தக் கிளிக்கும் கரைக்கும் நடுவில், முந்தானையின் மூலையில், விரல் நகம் அளவுக்கு இடம் மிஞ்சியது.

காலியாக இருந்தது.

புல் மாதிரி நாலு கீற்றுப் போட்டு, புல்லுக்குள் புல்லாகச் ‘சதீஷ்’ என்று எழுதினான். கம்ப்யூட்டருக்குக் கிளியும் சதீஷும் ஒன்றுதான். துளை போட்டது. அட்டை தறிக்குப் போனது. நெய்கிறவர் பார்ப்பது புடவையின் பின்பக்கத்தை. நல்ல முகம் கீழே தரையைப் பார்த்துக்கொண்டிருக்கும். தறியிலிருந்து இறக்கி மடித்தாகிவிட்டால் கடை. கடையிலிருந்து உடுத்தியாகிவிட்டால், அந்த மூலைதான் இடுப்பில் செருகுகிற மூலை. ஆக, அந்தப் பேரை யாரும் பார்ப்பதற்கு வழியே இல்லை. பிறகு ஏன் எழுத வேண்டும் என்று கேட்கிறீர்களா? பாறையில் எழுதியவரைப் போய்க் கேளுங்கள். எழுதியவனுக்குத் தெரியும், அது போதும்.

இப்போது சேவூருக்கு வாருங்கள். நெசவுக்காரர் தனகோடியின் மகள் தீபாவுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. மாப்பிள்ளை பாலு, வேலூரில் கம்பெனி வேலை. முகூர்த்தப் புடவை மாப்பிள்ளை வீட்டுச் செலவு. ஆனால் பெண் வீட்டிலேயே தறி இருக்கும்போது கடைக்கு எதற்குப் போக வேண்டும் என்று பட்டும் ஜரிகையும் வாங்கிக் கொடுத்துவிட்டார்கள். தனகோடி தன் தறியில் தன் கையாலேயே மகளுக்கு நெய்தார். அட்டை, முருகேசன் முதலாளி கொடுத்த கிளி அட்டை.

முகூர்த்தத்தன்று காலை, அந்தப் புடவை தாலியோடும் தேங்காயோடும் தட்டில் மண்டபத்தைச் சுற்றி வந்தது. பெரியவர்கள் தொட்டு ஆசீர்வதித்து அனுப்ப வேண்டும். எங்கள் ஊரில் இதற்கு ஒரு தனி முறை உண்டு. மற்ற ஊர்களில் தொட்டுக் கும்பிடுவார்கள். இங்கே தொட்டு, தடவி, முந்தானையைப் புரட்டி, ஜரிகையைக் கட்டை விரலால் தேய்த்து, உதட்டைப் பிதுக்கி, அப்புறம்தான் ஆசீர்வாதம். தட்டு மாப்பிள்ளையின் அத்தை கெங்கம்மாளிடம் வந்தது. கெங்கம்மாள் சம்பந்தி வீட்டுப் பொருள் எதையும் சும்மா கையில் வாங்குகிறவள் அல்ல. மூலையைப் பிரித்தாள். புல்லைப் பார்த்தாள். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

“ஏம்மா தீபா, எங்க பையன் பேரு பாலுதானே?”

மணமேடையில் உட்கார்ந்திருந்த தீபா நிமிர்ந்து பார்த்தாள்.

“ஆமாங்க அத்தை.”

“அப்ப முந்தானையில சதீஷ்னு கீதே, அது யாரு?”

நாதஸ்வரம் நின்றுவிடவில்லை. அவர்களுக்கு இன்னும் விஷயம் தெரியாது. ஆனால் அதைத் தவிர மண்டபத்தில் எல்லாம் நின்றது. தட்டு கை மாறியது. ஒவ்வொருவராகப் படித்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு அம்மாள்கூட வாங்கிப் பார்த்துவிட்டு “ஆமாமா” என்றாள்.

“சதீஷா? தெனம் கேபிள்ல ‘சேவூர் தீபாவுக்கு’ன்னு பாட்டு போடுவானே, அவனா?” என்று ஆண்கள் வரிசையிலிருந்து ஒரு குரல்.

“வாசல் பேனர்ல கூட கீறாம்பா. கறுப்புக் கண்ணாடி போட்டுகினு!” என்றது இன்னொரு குரல்.

ஒரு பெண்ணின் வாழ்க்கையைக் கவிழ்க்க இதைவிடக் கச்சிதமான சாட்சியங்கள் வேண்டுமா? கேபிளில் இருக்கிறது, வாசலில் இருக்கிறது, புடவையில் இருக்கிறது.

தனகோடி ஓடி வந்தார். “சம்பந்தியம்மா, சத்தியமா எனக்கு ஒண்ணும் தெரியாது. என் கையால நெய்ஞ்சேன்.”

“அதாங்க நானும் கேக்கறேன். உங்க கையாலதானே நெய்ஞ்சீங்க?”

“எனக்கு எந்த சதீஷையும் தெரியாது அத்தை” என்றாள் தீபா. உண்மைதான். ஆனால் இந்த வாக்கியத்துக்கு ஒரு சாபம் உண்டு. மெல்லச் சொன்னாலும் பொய் போல இருக்கும், உரக்கச் சொன்னாலும் பொய் போல இருக்கும், அழுதுகொண்டே சொன்னால் சந்தேகமே இல்லை. தீபா அழாமல் சொன்னாள். அதைப் பார்த்து, “கல்லு மாதிரி குந்திகீறா பாரு” என்றார்கள்.

ஹோமப் புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்த மாப்பிள்ளை பாலு, “அத்த, அப்புறமா பேசிக்கலாமே” என்றான்.

“எப்ப? தாலி கட்டினதுக்கு அப்புறமாடா?” கை சுற்றித் திரும்பி வந்த தட்டைக் கெங்கம்மாள் கீழே வைத்தாள். “ஏய், வேனை வாசலுக்கு எடுக்கச் சொல்லு. விசாரிக்கிறத வெளியே போயி விசாரிச்சுக்கலாம், தாலி கட்டிட்டு ஆயுசுக்கும் விசாரிச்சுகினு கிடக்க முடியாது.”

மாப்பிள்ளை வீட்டார் பாதிப் பேர் எழுந்துவிட்டார்கள். தனகோடி துண்டை இரு கையாலும் பிடித்துக்கொண்டு, எந்தப் பக்கம் கும்பிடுவது என்று தெரியாமல் நின்றார்.

சதீஷ் எங்கே? காலைப் பந்தியில் இருந்தான். தன் முகம் பேனரில் இருக்கிற கல்யாணம் எதையும் அவன் விடுவதில்லை. பேனரில் முகம் இருப்பவனைத் தேடிப் பிடிப்பது சுலபம். கையில் சாம்பாரோடு இழுத்து வந்து நிறுத்தினார்கள். கெங்கம்மாள் முந்தானை மூலையை அவன் மூக்குக்கு நேராகப் பிடித்தாள்.

“இது உன் பேராடா?”

வாசகர்களே, பிறந்தது முதல் ஒரு மனிதன் ஒரே ஒரு கேள்விக்காகக் காத்திருக்கிறான். எத்தனையோ திரைகள், எத்தனையோ நாடுகள், எத்தனையோ பஸ்கள். ஒரு ஆளாவது அவனைத் தேடி வந்து இப்படிக் கேட்டதில்லை. இன்று ஒரு மண்டபமே கேட்கிறது. சதீஷின் முகம் மலர்ந்துவிட்டது.

“நல்லா உழுந்துகீதே!” என்றான். “எல்லாராலயும் படிக்க முடிஞ்சுதாம்மா?”

தனகோடி பாய்ந்தார். நாலு பேர் சேர்ந்து பிடித்தார்கள்.

“ஏண்டா போட்டே? எம்பொண்ணுக்கும் உனக்கும் இன்னாடா?”

“உங்க பொண்ணு யாருன்னே தெரியாதுங்க மாமா. கிளிக்குக் கீழ காலியா இருந்துச்சு, போட்டேன்.”

“காலியா இருந்தா?”

“இதுல மட்டும் இல்லீங்க. அந்த அட்டையில நெய்ஞ்ச எல்லாத்துலயும் கீது. போன தீபாவளிக்கு முதலாளி எறக்கின கிளி முந்தானை பூரா நான்தான்.”

“பொய்! மாட்டிகினு கதை வுடறான்” என்றாள் கெங்கம்மாள்.

யாரும் நம்பவில்லை. நானாக இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். தன் பேரை ஊர்ப் பெண்கள் இடுப்பிலெல்லாம் செருகி வைக்கிற மடையன் ஒருவன் இருப்பான் என்று நம்புவதைவிட, ஒரு பெண் கெட்டவள் என்று நம்புவது எவ்வளவோ எளிது.

தீபா நம்பினாள். அவள் நெசவுக்காரன் மகள். போன தீபாவளி என்றதும் அவள் கண் மண்டபத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, கெங்கம்மாள் மேல் வந்து நின்றது. பச்சை உடல், அரக்கு முந்தானை. தோளில் கிளி.

மணமேடையிலிருந்து இறங்கி வந்தாள். மணப்பெண் இறங்கக் கூடாது என்று புரோகிதர் சொன்னதை யாரும் கேட்கவில்லை.

“அத்தை, கோச்சிக்காதீங்க” என்றாள். கெங்கம்மாளின் இடுப்பில் செருகியிருந்த முந்தானை மூலையை உருவி, எல்லோருக்கும் தெரியும்படி விரித்துப் பிடித்தாள்.

கிளி. புல். சதீஷ்.

இப்போது நாதஸ்வரமும் நின்றது. கெங்கம்மாள் குனிந்து பார்த்தாள். கையால் துடைத்துப் பார்த்தாள். ஜரிகை போகுமா? அவளுடைய கணவர், முப்பது வருஷமாகச் சபையில் வாய் திறந்து யாரும் பார்த்திராத மனிதர், நாற்காலியிலிருந்து மெல்ல எழுந்து வந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, எழுத்துக் கூட்டிப் படித்தார்.

“யாரு கெங்கா அது?” என்றார்.

அதற்குப் பிறகு நடந்ததை வீடியோக்காரர் முழுவதும் எடுத்திருக்கிறார். இன்றைக்கும் பாலு-தீபா கல்யாண கேசட்டில் மாலை மாற்றுவதற்கு முன்னால் ஒரு நீண்ட காட்சி வரும். மாப்பிள்ளையின் அம்மா, சித்தி, பெண்ணின் பெரியம்மா, வேனுக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தவர்கள், போகாதவர்கள், இலை போட வந்த அம்மாள் உட்பட, அத்தனை பெண்களும் இடுப்பிலிருந்து மூலையை உருவிக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துப் படித்துக்கொண்டிருப்பார்கள். கிளிக்குக் கீழே சிலருக்கு. தாமரைக்குப் பக்கத்தில் சிலருக்கு. யானைத் துதிக்கைக்கும் தந்தத்துக்கும் நடுவில்கூட இருந்தது. இல்லாதவர்கள் இரண்டாம் முறை தேடினார்கள்.

“உனுக்கு கீதா?”

“கீதுடி. உனுக்கு?”

“எனுக்கு இல்லியே. என்னுது பழசு போலகீது” என்று ஒருத்தி வருத்தப்பட்டாள்.

“ஜல்தி, ஜல்தி! முகூர்த்தம் போய்க்கினு இருக்குது” என்று புரோகிதர் கத்தினார். கெங்கம்மாள் தட்டை எடுத்தாள். புடவையை எடுத்துத் தீபாவின் கையில் வைத்தாள். மன்னிப்புக் கேட்டாளா என்கிறீர்களா? அத்தைகள் கேட்பதில்லை. “நல்லா உள்ள தள்ளிச் செருகு” என்றாள். அவ்வளவுதான். தீபா அதே புடவையை உடுத்தி, அந்த மூலையை இடுப்பில் ஆழமாகச் செருகிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். பாலு தாலி கட்டினான்.

மறுநாள் காலை முருகேசன் முதலாளி கடை திறப்பதற்கு முன்பே வாசலில் கூட்டம். தனகோடி முன்னால் நின்றார், சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு. சதீஷை வேலையை விட்டு அனுப்பிவிட்டதாகச் சொல்லிவிடலாம் என்று முதலாளி பின்பக்கம் ஓடி வந்தார். அதற்குள் தனகோடி, சதீஷ் உட்கார்ந்திருந்த கம்ப்யூட்டர் அறைக்குள் நுழைந்துவிட்டார். அடி விழும் சத்தத்துக்காக எல்லோரும் காத்திருந்தார்கள். விழவில்லை. திரையில் கட்டம் கட்டமாக நின்ற கிளியைத் தனகோடி வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“ஏம்பா,” என்றார் கடைசியில், குரலைத் தாழ்த்தி. “தனகோடின்னு எழுதினா எத்தினி கட்டம் புடிக்கும்?”

அவர் வெளியே வரும் வரைக்கும் பொறுக்காமல் கெங்கம்மாள் உள்ளே தலையை நீட்டினாள். அவளுக்குத் தன் பேர் வேண்டும். சதீஷ் பேரைவிடப் பெரிய எழுத்தில் வேண்டும். இடுப்பில் செருகுகிற மூலையில் வேண்டாம், தோளில் தெரிகிற இடத்தில் வேண்டும். அவளுக்குப் பின்னால் மாப்பிள்ளையின் அம்மா. அவளுக்குப் பின்னால், நேற்று “எனுக்கு இல்லியே” என்று வருத்தப்பட்டவள். முதலாளி நல்ல வியாபாரி. வேலையை விட்டு அனுப்புகிற பேச்சை அப்படியே விழுங்கிவிட்டார். ஒரே ஒரு நிபந்தனை: இனிமேல் சதீஷ் தன் பேரை மட்டும் எங்கும் போடக் கூடாது.

அவன் இன்றும் அங்கேதான் இருக்கிறான். காலையிலிருந்து மாலை வரை கிளிக்குக் கீழும் மயிலுக்கு மேலும் ஊரார் பேர்களைக் கட்டம் கட்டமாக நிரப்பிக்கொண்டிருக்கிறான். போன வாரம் போயிருந்தபோது என்னிடம் அலுத்துக்கொண்டான். “இன்னா ஜனங்கண்ணே இது? ஒரு இடம் காலியா இருக்கக் கூடாது, உடனே பேரு போடணும்ங்கறாங்க. அசிங்கமா இல்ல?”

நானும் தலையை ஆட்டிவிட்டு வந்தேன். நீங்களும் ஆட்டுவீர்கள் என்று தெரியும். சிரித்துவிட்டு, நல்லவேளை நமக்கு இந்தப் பழக்கம் இல்லை என்று பக்கத்தைப் புரட்டுவீர்கள். புரட்டுங்கள். ஒரே ஒரு சந்தேகம். தனகோடி கட்டம் கேட்டாரே, அந்த இடத்தில் கொஞ்சம் நின்றீர்களே, ஏன்? உங்கள் பேருக்கு எத்தனை எழுத்து என்று நான் கேட்கவே இல்லை. நீங்கள் எண்ணிவிட்டீர்கள்.